கலப்புத்திறன் வகுப்பும் ஆசிரியரின் மேற்கல்வியும்

நன்னூலார் தம் பொதுப்பாயிரத்திலே மாணாக்கரை மூவகைப்படுத்தினார். அன்னத்தையும் பசுவையும் ஒப்பார் தலைமாணாக்கர். மண்ணையும் கிளியையும் ஒப்பார் இடைமாணாக்கர். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்னும் இவற்றை ஒப்பார் கடைமாணாக்கர் என்பது அவர் வகுத்த பாகுபாடு. இப்பகுதி நம்மவருட் பலருக்கு மனப்பாடம். ஆசிரியர் கூடியிருக்கும் அறையிலே, ஒரு பிள்ளையை எருமை என்று ஏசுதற்கு இலக்கணச் சான்று கிடைத்துவிட்டது போல இதனை எடுத்தாளுவோரும் உளர். ஆயின் அதே பாயிரம் பாடஞ் சொல்லும் முறையை விதிக்குமிடத்து, கேட்பவன் எவ்வாறு ஏற்பான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளும்படி நூலைக் கொடுத்தல் வேண்டும் என்று ஆசிரியனைப் பணிக்கின்றது. இவ்விதியை எடுத்தாளுவோரை யான் அத்துணை கண்டிலேன். முன்னது மாணவனைப் பற்றிய கணிப்பு. பின்னது ஆசிரியன்மேற் சுமத்தப்பட்ட கடமை. கடமையிலும் கணிப்பு நினைவில் எளிதாக நிற்கும் போலும்.

பட்டம் பெற்ற ஆசிரியர் மேலும் கல்வியியல் பயில்வது இவ்விரண்டாம் விதியை நிறைவேற்றுதற்கு எவ்வளவிற்குத் துணையாகின்றது என்பதைக் கண்டி நகரையும் அதன் அயலையும் கருத்திற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டிப் பகுதித் தமிழ்ப் பாடசாலையொன்றின் ஆறாந்தர வகுப்பு எவ்வாறு அமைகின்றது என்பதை முதற்கண் நோக்குவாம். நகரத்துக் கடைத்தெரு வணிகரின் பிள்ளைகள் ஒருபுறம். அரசாங்க உத்தியோகத்தரின் பிள்ளைகள் ஒருபுறம். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலை முதலிய தோட்டப் பகுதிகளிலிருந்து காலை இருள் விலகுமுன் புறப்பட்டுப் பஸ்ஸேறி வரும் பிள்ளைகள் ஒருபுறம். இவர்களுட் சிலர் நூலகமும் தனிப்பட்ட வகுப்புகளும் கண்டவர். சிலர் ஐந்தாந்தரம் வரைக்கும் இரண்டு மூன்று தரங்களை ஓர் ஆசிரியரே ஒருங்கு நடத்திய சிறு பாடசாலையிலே பயின்றவர். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை இவர்களைச் சல்லடையிட்டுச் சிலரைப் பெரிய பாடசாலைகளுக்கு அனுப்பிய பின்னரும், எஞ்சியோர் ஒரே தன்மையர் ஆய்விடுவதில்லை. ஒரே வாங்கில், சரளமாகக் கதைப் புத்தகம் வாசிக்கும் பிள்ளையும், கொம்பும் சுழியும் வந்தவிடத்துத் தடுமாறும் பிள்ளையும் அருகருகே அமர்ந்திருத்தல் வழக்கம்.

இந்நிலை தற்செயலாய் வந்ததன்று. கன்னங்கரா அவர்கள் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆயினும் தோட்டப் பாடசாலைகள் அந்நீரோட்டத்திற்குப் புறம்பாக நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே கிடந்தன. 1977ஆம் ஆண்டு முதலாகத்தான் அவற்றை அரசு தொகுதி தொகுதியாகப் பொறுப்பேற்றது. ஏறத்தாழ ஒரு தலைமுறைக்காலப் பின்னடைவு அங்ஙனம் ஏற்பட்டது. இவ்வரலாற்றை விரிவாக அறிய விரும்புவோர் அஞ்சலா லிற்றில் என்னும் ஆங்கிலக் கல்வியியலாளர் 1999ஆம் ஆண்டில் மலையகக் கல்வி பற்றி வெளியிட்ட நூலைப் பார்த்தல் நன்று. ஈண்டு நமக்கு வேண்டுவது ஒன்றே: வாசிக்கத் தடுமாறும் பிள்ளையின் தடுமாற்றத்திற்கு அப்பிள்ளை பிறக்குமுன்னரே காரணங்கள் சேர்ந்துவிட்டன. அதனை ஓட்டைக் குடத்தோடு ஒப்பிடுமுன் அக்குடத்திலே எவரேனும் நீர் வார்த்தனரா என்று கேட்டல் முறையாகும்.

இனி, ஆசிரியரின் மேற்கல்விக்கு வருவாம். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கல்வித்துறை 1949ஆம் ஆண்டிற் கொழும்பிலே தொடங்கப்பெற்று, பல்கலைக்கழகம் மலைநாட்டிற்கு இடம்பெயர்ந்த 1952ஆம் ஆண்டிற் பேராதனைக்கு வந்தது. பின்னர் 1957ஆம் ஆண்டிற் பேராசிரியராகிய ஜே. ஈ. ஜயசூரியா அவர்களின் காலத்தில் அத்துறை நாடெங்கும் அறியப்பட்டது. பட்டதாரி ஆசிரியர்க்குரிய டிப்ளோமாக் கற்கை அன்று முதல் உளவியல், கல்வித் தத்துவம், கணிப்பீடு, கற்பித்தல் முறை, கற்பித்தற் பயிற்சி என்னும் உறுப்புகளைக் கொண்டு விளங்கியது. 1980ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம், வேலையை விட்டு வரவியலாத ஆசிரியர்க்கும் இக்கல்வியைத் தொலைக்கல்வி முறையில் வழங்கியது. 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பெற்ற தேசிய கல்வி நிறுவகமும் மகரகமவிலிருந்து இப்பணியிற் பங்குகொண்டது. ஆகவே கண்டியைச் சூழவுள்ள ஓர் ஆசிரியர் மேற்படிப்புப் படிக்க விரும்பின் வழியில்லை என்று சொல்லவியலாது. படித்தபின் தம் ஏழாந்தர வகுப்பிலே என்ன செய்கின்றார் என்பதே வினா.

இக்கற்கைநெறிகளில் மாணவரின் வேறுபாடு பற்றிக் கற்பிக்கப்படுவன பெரும்பாலும் மூன்று ஊற்றுகளிலிருந்து வந்தவை. முதலாவது நுண்ணறிவுச் சோதனை மரபு. 1905ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அல்பிரட் பினே, பாடசாலையிலே தனித்துணை வேண்டும் பிள்ளைகளை இனங்காண்பதற்கென்றே முதற் சோதனையை அமைத்தார். துணை செய்தற்கு அமைந்த கருவி பிற்காலத்திற் பிரித்தொதுக்கும் கருவியாயிற்று என்பது இத்துறையின் துயரக் கதைகளுள் ஒன்று. இரண்டாவது, பெஞ்சமின் புளூம் 1968ஆம் ஆண்டில் விளக்கிய தேர்ச்சிக் கற்றல். தக்க நேரமும் இடையிடையே திருத்தமும் கிடைப்பின் பெரும்பாலான மாணவர் ஒரே அடைவை எய்தலாம் என்பது அவர் கொள்கை. மாணவருக்கு மாணவர் வேறுபடுவது பெரிதும் அவர்க்கு வேண்டிய காலம் என்றார். மூன்றாவது, கரோல் ஆன் டொம்லின்சன் 1995ஆம் ஆண்டிற் கலப்புத்திறன் வகுப்புப் பற்றி எழுதிய நூலால் பரவிய வேறுபடுத்திக் கற்பித்தல் முறை. பாடத்தின் உள்ளடக்கம், அதனைக் கற்கும் வழி, கற்றதை வெளிப்படுத்தும் ஆக்கம் ஆகிய மூன்றையும் மாணவரின் ஆயத்தநிலை, ஆர்வம், கற்கும் பாங்கு என்பவற்றிற்கேற்ப மாற்றலாம் என்பது அதன் சாரம்.

இம்மூன்றாவதிலே ஓர் எச்சரிக்கை வேண்டும். கற்கும் பாங்கு என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு, கண்ணாற் கற்போர், செவியாற் கற்போர், கையாற் கற்போர் எனப் பிள்ளைகளைப் பிரித்து மூன்று வகைப் பாடம் தயாரிக்கும் வழக்கம் பயிற்சிப் பட்டறைகளிலே பரவியுள்ளது. பாஷ்லர் முதலிய உளவியலாளர் 2008ஆம் ஆண்டிற் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் பரிசீலித்து, அங்ஙனம் பிரித்துக் கற்பிப்பதாற் கற்றல் மிகும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று காட்டினர். ஆசிரியரின் நேரம் அருமையானது. சான்றில்லாத பிரிவினைக்கு அதனைச் செலவிடலாகாது. ஆயத்தநிலை, அதாவது இப்பாடத்திற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது இப்பிள்ளைக்குத் தெரியுமா என்பதே, நம் வகுப்புகளில் முதன்மையாக நோக்கத்தக்கது.

யான் கணிதம் கற்பிப்பவன். டிப்ளோமாக் கற்கையை முடித்து மீண்ட பின்னர் ஏழாந்தரத்திற்குப் பின்னம் கற்பித்தபோது நேர்ந்த ஒன்றை ஈண்டு கூறல் பொருந்தும். அரையையும் காலையும் கூட்டச் சொன்னபோது தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டி ஆறில் இரண்டு என்று எழுதியவர் பலர். அவர்களுள் ஒரு பையனை, தோட்டத்துப் பிள்ளையை, அருகழைத்து, “உன் அம்மா காலையில் ஏழரைக் கிலோ கொழுந்து நிறுத்தார், மத்தியானம் ஆறேமுக்கால், பின்னேரம் நாலேகால், எல்லாம் எவ்வளவு?” என்று கேட்டேன். தாளும் பென்சிலும் இன்றி, “பதினெட்டரை சேர்” என்றான். அதே கணக்கைப் புத்தகத்தில் உள்ள வாக்கியமாகக் கரும்பலகையில் எழுதியபோது அவனால் வாசிக்கவே முடியவில்லை. அவனருகில் இருந்த மற்றொருவன், நகரத்துப் பிள்ளை, வாக்கியத்தைத் தங்குதடையின்றி வாசித்துப் பிழையான விடையைத் துணிவோடு எழுதியிருந்தான். இவ்விருவருள் மெல்லக் கற்போன் யார்? தவணைப் பரீட்சைப் புள்ளி இருவரையும் ஒரே நிரையில் நிறுத்தியிருந்தது.

அரை, கால், முக்கால், அரைக்கால் என்னும் சொற்கள் நம் மொழியிலே இயல்பாய் வழங்குகின்றன. அவை அப்பையனின் காதிலும் நாவிலும் இருந்தன; கோட்டுக்கு மேலும் கீழும் எண்ணெழுதும் குறியீடு மட்டும் அவனுக்கு அந்நியமாய் இருந்தது. ஆகலின் அவனுக்கு வேண்டியது எளிமையான கணக்கன்று, தெரிந்த கணக்கிலிருந்து தெரியாத குறியீட்டிற்கு ஒரு பாலம். மற்றவனுக்கு வேண்டியது, குறியீட்டின் பின்னாலுள்ள அளவைக் கையாலே தொட்டறிதல்.

அதன்பின் கொழுந்து நிறுவையையே பொருளாக வைத்து ஒரு பாடம் அமைத்தேன். வகுப்பு முழுவதற்கும் பொருள் ஒன்று. வினா மூன்று படி. முதற்படியில், கடதாசிக் கீற்றுகளை அரையும் காலுமாக மடித்து அடுக்கி, மூன்று நிறுவையையும் கூட்டிக் குறியீட்டில் எழுதுதல். இரண்டாம் படியில், கூடைக்கும் ஈரத்திற்குமாக 2 கிலோ கழிக்கப்படின் எஞ்சுவது எவ்வளவு, தோட்டம் கேட்பது 18 கிலோவாயின் குறைவு எவ்வளவு என்று காணுதல். எஞ்சுவது பதினாறரை, குறைவு ஒன்றரை. குறைவு நேர்ந்தால் முழுப் பேருக்குப் பதில் அரைப்பேர் போடும் வழக்கமுள்ள தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இவ்வொன்றரையின் பொருளை யான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களே நகரத்துப் பிள்ளைகளுக்கு விளக்கினர். மூன்றாம் படியில், 2 கிலோவுக்குப் பதிலாக நிறையிற் பத்திலொரு பங்கு கழிக்கப்படின் கொழுந்து பறிப்பவருக்கு நன்மையா தீமையா என்னும் வினா. பதினெட்டரையிற் பத்திலொரு பங்கு போக எஞ்சுவது 16 கிலோ 650 கிராம். ஆகவே 150 கிராம் நன்மை. 20 கிலோ பறித்த நாளில் இரண்டும் சமம். அதற்கு மேற் பறித்த நாளிற் பங்கு முறை நட்டம். இம்முடிவை எவரும் சொல்லிக்கொடாமற் கண்டவர் இருவர். ஒருத்தி வகுப்பின் முதன் மாணவி. மற்றவன் வாக்கியம் வாசிக்க அறியாத அந்தப் பையன்.

இப்பாடம் ஒன்றை ஆயத்தம் செய்ய ஒரு மாலைப்பொழுது முழுவதும் சென்றது என்பதை மறைத்தல் முறையன்று. நாளொன்றுக்கு ஆறு பாடவேளை கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொரு பாடத்திற்கும் இவ்வாறு செய்தல் இயலாது. கல்வியியல் விரிவுரைகளிலே இவ்வுண்மை போதிய இடம் பெறுவதில்லை. அலகொன்றிற்கு ஒரு பாடமாவது இங்ஙனம் அமைந்தாற் போதும் என்று தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்தது என்பது என் கருத்து.

திறனுக்கேற்ப மாணவரைக் குழுவாக்கல் நன்றா தீதா என்னும் வினாவிற்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறுவோரை நம்பலாகாது. இந்தியாவின் மும்பாய், வதோதரா நகரங்களில் மூன்றாம் நான்காம் வகுப்புகளிலே பின்தங்கிய பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே அழைத்து, அவ்வூர்ப் பெண்களைக் கொண்டு அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பித்தபோது அடைவு உயர்ந்தது என்பதை 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. கென்யா நாட்டில் முதலாம் வகுப்பை முன்னடைவுக்கேற்ப இரண்டாகப் பிரித்த பாடசாலைகளில் மேற்பிரிவு கீழ்ப்பிரிவு இரண்டும் பயனடைந்தன என 2011ஆம் ஆண்டின் ஆய்வொன்று கூறுகின்றது. ஆசிரியர் தம் பாடத்தைப் பிள்ளைகளின் மட்டத்திற்குப் பொருந்தச் செய்ய முடிந்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றது. இதனைக் கண்டு, ஏ, பி, சி எனப் பிரித்து ஆண்டு முழுவதும் ஒரே அறையில் அடைத்துவைக்கும் நம் வழக்கம் சரியே என்று மகிழ்தற்கு இடமில்லை. நம் சி வகுப்புக்கும் ஏ வகுப்புக்கும் பாடத்திட்டம் ஒன்று, புத்தகம் ஒன்று, வேகமும் ஒன்று. வேறுபடுவது அனுப்பப்படும் ஆசிரியரின் அனுபவமே. அதுவும் பெரும்பாலும் தலைகீழாக, அனுபவமுடையார் ஏ வகுப்பிற்கும் புதியவர் சி வகுப்பிற்குமாக அமைகின்றது. பிரித்தலின் தீமைகள் அனைத்தும் உண்டு. பிரித்தற்குரிய காரணம் மட்டும் இல்லை. வாசிப்பில் இன்று இந்நிலையில் உள்ளவர் என்று குறித்த ஒரு திறனுக்காகச் சில கிழமைகள் குழுவாக்கிப் பின் கலைத்துவிடுதல் வேறு. கடைமாணாக்கர் என்று பெயர் சூட்டி அறை ஒதுக்குதல் வேறு.

தமிழ்நாட்டு அனுபவமும் நமக்குப் பாடமாகும். ரிஷிவாலி என்னும் ஊரைச் சார்ந்த கிராமப் பாடசாலைகளிலே பிள்ளைகள் தத்தம் வேகத்திற்கேற்பப் படிப்படியாக ஏணியேறுவது போலக் கற்கும் அட்டைமுறை உருவாயிற்று. அதனைத் தழுவிச் சென்னை மாநகராட்சிப் பாடசாலைகள் சிலவற்றில் 2003ஆம் ஆண்டில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளுள் அம்மாநில அரசின் தொடக்கப் பாடசாலைகள் எங்கும் பரவியது. 2022ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலே பிள்ளைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் எனப் பெயரிட்டனர். எருமை, நெய்யரி என்ற உவமைகளோடு இப்பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தல் சுவையுடைத்து. அரும்பு நாளை மொட்டாகும் என்பது பெயரிலேயே அடங்கியுள்ளது.

இத்தகைய முறைகளுக்கு நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடமும் ஒருவகையில் முன்னோடி. அங்குத் தரம் என்பதொன்றில்லை. ஒருவன் மணலில் அகரம் எழுத, ஒருவன் எண்சுவடி சொல்ல, ஒருவன் நிகண்டு ஒப்பிப்பான். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடஞ் சொல்வான். சென்னை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதியை 1789ஆம் ஆண்டிற் பொறுப்பேற்ற அந்திரு பெல் என்னும் பாதிரியார் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைக் கையாண்டு, 1797ஆம் ஆண்டில் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட, அது மதராஸ் முறை என்ற பெயரோடு இங்கிலாந்திற் பரவிற்று. பிரம்படியும் பொருளறியா மனப்பாடமும் மிகுந்த அப்பள்ளியைப் புகழ்வது என் நோக்கமன்று. ஒவ்வொரு பிள்ளையும் தான் நின்ற இடத்திலிருந்தே மேற்சென்றது என்ற ஒன்றை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. 1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தை ஒட்டி ஆரம்பப் பிரிவு மூன்று முதன்மை நிலைகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றன் முடிவிலும் எல்லாப் பிள்ளைகளும் பெற்றிருக்க வேண்டிய அத்தியாவசியக் கற்றற் தேர்ச்சிகள் வரையறுக்கப்பட்டன. பல தரங்களை ஒருங்கே கற்பிக்கும் சிறு பாடசாலைகளுக்கென மூன்றாம், நான்காம், ஐந்தாந் தரங்களின் கணிதப் பாடத்திட்டத்தை இசைவித்து அமைத்த மஞ்சுளா விதானபத்திரண அவர்களின் ஆய்வு, 2006ஆம் ஆண்டில் அஞ்சலா லிற்றில் பதிப்பித்த தொகுதியில் இடம்பெற்றது. மூன்று தரத்திற்கும் பொதுவான தலைப்பை ஒருங்கே தொடங்கிப் பயிற்சியைத் தரத்திற்கேற்பப் பிரித்தல் என்ற அவ்வழி, ஒரே தரத்துக் கலப்புத்திறன் வகுப்பிற்கும் பெரிதும் பொருந்தும். மேற்கூறிய கொழுந்துப் பாடத்திற்கு வித்திட்டது அதுவே.

மேற்கல்வி நெறிகளைப் பற்றி என் மனத்திலுள்ள குறை ஒன்றுண்டு. வேறுபடுத்திக் கற்பித்தல் பற்றிய விரிவுரையைப் பௌதிகப் பட்டதாரியும், இந்து நாகரிகப் பட்டதாரியும், இருபதாண்டு கற்பித்தவரும், நேற்று நியமனம் பெற்றவரும் ஒரே மண்டபத்தில் ஒரே குறிப்பை எழுதிக்கொண்டு கேட்கின்றனர். அதனினும் சிறந்த கலப்புத்திறன் வகுப்பு எங்குள்ளது? அம்மண்டபத்திலேயே ஒருமுறை செய்து காட்டினால் நூறு பக்கக் குறிப்பு மிச்சமாகும். கற்பித்தற் பயிற்சிக் காலத்து மேற்பார்வையும் பாடக்குறிப்பின் ஒழுங்கையும் கரும்பலகையின் அழகையும் நோக்கும் அளவிற்குக் கடைசி வாங்கிலிருக்கும் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியை நோக்குவதில்லை. மேற்பார்வையாளர் பாடத்தின் இறுதிப் பத்து நிமிடத்தை அக்கொப்பிகளோடு கழிப்பாராயின், பயிலும் ஆசிரியரின் கவனமும் தானே அங்குச் செல்லும்.

மற்றொரு குறை மொழி பற்றியது. இத்துறையிற் புதியன பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. தமிழில் உள்ளவை விரிவுரைக் குறிப்பின் சுருக்கமாகவே அமைகின்றன. ஆனால் டிப்ளோமாவிற்கும் கல்வி முதுமாணிக்கும் பயின்ற ஆசிரியர் ஆண்டுதோறும் தமிழிலே செயல்நிலை ஆய்வுகளையும் பாடக்குறிப்புகளையும் எழுதுகின்றனர். அவை புள்ளியிடப்பட்டபின் வீட்டுப் பரணில் உறங்குகின்றன. கண்டிப் பகுதிப் பிள்ளைகளைக் கொண்டு, கண்டிப் பகுதி ஆசிரியரால் எழுதப்பட்ட அவற்றிலும் பயனுள்ள நூல் இப்பகுதி ஆசிரியருக்கு வேறு கிடைத்தல் அரிது. நம் கல்லூரி நூலகத்திலே ஓர் அலமாரித் தட்டை அவற்றிற்கென ஒதுக்க வேண்டுமெனப் பழைய மாணவராகிய ஆசிரியர் சிலர் கேட்டுள்ளோம், அதிபரும் இசைந்துள்ளார்.

முதலாவதாக என் கோப்பினை அங்கு வைத்துள்ளேன். கொழுந்து நிறுவைப் பாடம் அதிற் பதினோராவது. அதற்கு முன்னுள்ள பத்தும் வகுப்பிலே பயன்படாது போனவை. ஒவ்வொன்றும் எவ்விடத்திற் பிழைத்தது என்று சிவப்பு மையில் எழுதியிருக்கின்றேன்.